காருக்குள் இரைச்சல், கதவுக்குள் இசை: வாசகர் கேள்வி–பதில்

காரின் இரைச்சலைக் குறைப்பதற்காகக் கதவிலும் தரையிலும் ஒட்டப்படும் டேம்பிங் ஷீட்டுகளைப் பற்றி முன்னொரு இதழில் சிறு குறிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. அதன் பிறகு வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

என்னிடம் ஐந்து ஆண்டு பழைய, மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் உள்ளது. பெருந்துறை வழியாகக் கோவை செல்லும்போது 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் காதை அடைப்பதுபோல் இரைச்சல் கேட்கிறது. கூரை, நான்கு கதவுகள், தரை, டிக்கி என முழுக் காருக்கும் ஷீட் ஒட்ட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். ஒட்டலாமா? – வாசகர், ஈரோடு

இப்போதைக்கு வேண்டாம். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் முழுக் காருக்கும் ஒட்டினால் செலவில் பெரும்பகுதி வீண் போகும். எஞ்சின், டயர், காற்று ஆகிய மூன்றும் தனித்தனி வழிகளில் காருக்குள் ஒலியை அனுப்புகின்றன; ஒன்றை அடக்கும் வேலை மற்றொன்றுக்கு உதவுவதில்லை.

முதலில் எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள். பின்னால் வண்டி வராத நேரான சாலையில் 80-ல் செல்லும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்ச்சை மிதித்தபடி சில விநாடிகள் கவனியுங்கள். சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணை விசை போய்விடும். கிளட்ச்சை மிதித்ததும் இரைச்சல் சட்டென்று தணிந்தால் அது எஞ்சினுடையது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. ஆகவே மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 2400 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 60 முறை எரிப்பு நிகழ்கிறது. காதை அடைப்பதுபோல் நீங்கள் உணர்வது இந்த 60 ஹெர்ட்ஸை ஒட்டிய உறுமலாக இருக்கலாம். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் இறங்கியிருந்தாலோ, சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் கிழிந்திருந்தாலோ இது அதிகரிக்கும். அவற்றை மாற்றாமல் எத்தனை அடுக்கு ஷீட் ஒட்டினாலும் அந்த உறுமல் பெரிதாக அடங்காது.

கிளட்ச்சை மிதித்த பிறகும் இரைச்சல் அப்படியே தொடர்ந்தால் சாலையைக் கவனியுங்கள். ஜல்லி வெளியே தெரியும் பழைய தார்ச்சாலையிலிருந்து, புதிதாகத் தார் போட்ட வழுவழுப்பான பகுதிக்கு வண்டி ஏறும் அந்தக் கணத்தில் ஒலி மாறினால் அது டயரின் ஒலி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். ஐந்து ஆண்டுகளில் ரப்பர் இறுகிவிட்டிருக்கும். உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த்திசையில் டயரின் ரப்பர்க் கட்டைகளின் விளிம்பு கையில் தட்டினால், அது ரம்பப் பல் தேய்மானம். அலைன்மெண்ட்டோ சஸ்பென்ஷனோ சரியில்லை என்பதன் அடையாளமும் அதுவே. ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமுமாக வளைக்கும்போது இரைச்சல் ஏறி இறங்கினால், வீல் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது காற்று. பெரும்பாலும் 80-க்கு மேல்தான் இது தலைகாட்டும். கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையான பீடிங்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எந்தப் பிடிப்புமின்றி உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் படுத்துவிட்டது. ஐயம் தீரவில்லையென்றால், கதவின் இடுக்குகளையும் பக்கக் கண்ணாடி பொருத்தப்பட்ட மூலையையும் வெளிப்புறமாக மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு ஒருமுறை ஓட்டினால், எந்த இடுக்கு காரணம் என்பது தெரிந்துவிடும்.

இத்தனையும் பார்த்து டயர்தான் காரணம் என்று உறுதியாகி, டயரும் நல்ல நிலையில் இருந்தால், அப்போது ஷீட்டைப் பற்றி யோசியுங்கள். அதுவும் முதலில் டிக்கித் தரையிலும் பின் சக்கர வளைவுகளிலும் தொடங்குங்கள். சிறிய கார்களில் பின் இருக்கைக்கும் டிக்கிக்கும் நடுவே கனமான தடுப்பு இல்லை. ஸ்டெப்னி வைக்கும் குழிவான தகடு சாலையின் அதிர்வை வாங்கி உள்ளே கொட்டுகிறது. அந்த ஓர் இடத்தை முடித்து, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த இடத்திற்குப் போவதே சிக்கனம்.

கறுப்பாகத் தார் போன்ற ஷீட், வெள்ளி நிறத் தாள் ஒட்டிய ஷீட், கனமான ரப்பர் விரிப்பு, ஸ்பாஞ்ச் என எல்லாவற்றையும் கடைக்காரர் 'டேம்பிங்' என்றே சொல்கிறார். இவற்றுக்குள் என்ன வேறுபாடு? – வாசகர், மதுரை

இவை செய்யும் வேலைகளே வேறு. தகட்டின் அதிர்வை அடக்குவது ஒரு வேலை, காற்றின் வழியாக வரும் ஒலியைத் தடுப்பது இன்னொரு வேலை, உள்ளே வந்துவிட்ட ஒலியை உறிஞ்சுவது மூன்றாவது வேலை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்து ஏமாந்தவர்கள் எழுதிய கடிதங்களே இந்தக் கட்டில் அதிகம்.

வெள்ளி நிறத் தாள் ஒட்டியது பெரும்பாலும் பியூட்டைல் ஷீட். பியூட்டைல் ரப்பர் 1937-இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆய்வகத்தில் உருவானது. காற்றை எளிதில் வெளியே விடாது என்பதால் டயர் டியூப்களுக்குப் பயன்பட்டது. அதே ரப்பருக்கு அதிர்வை வெப்பமாக மாற்றிவிடும் குணமும் உண்டு. ஆனால் ரப்பரை மட்டும் தகட்டில் ஒட்டினால் அது தகட்டோடு சேர்ந்து நீண்டு சுருங்குமே தவிர அதிகம் உழைக்காது. மேலே விறைப்பான அலுமினியத் தாளை ஒட்டும்போதுதான், வளைய முயலும் இரும்புத் தகட்டுக்கும் வளைய மறுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் ரப்பர் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலைத் தின்றுவிடுகிறது. இந்த அடுக்கு முறைக்கான கணக்கை எட்வர்ட் கெர்வின் என்ற அமெரிக்க ஒலியியலாளர் 1959-இல் வெளியிட்டார்.

இதிலிருந்து வாங்குபவருக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, அலுமினியத் தாளின் தடிமன் முக்கியம். நகத்தால் கீறினாலே கிழியும் மெல்லிய பளபளப்புத் தாளை ஒட்டி விற்கும் ஷீட், எவ்வளவு தடித்த ரப்பரைக் கொண்டிருந்தாலும் பாதி வேலைதான் செய்யும், தாள் 0.1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இரண்டாவது, தகடு முழுவதும் ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. அதிகமாக அதிரும் நடுப்பகுதியில் கால்வாசிப் பரப்பை மூடினாலே அதிர்வின் பெரும்பகுதி அடங்கிவிடும். அதற்கு மேல் ஒட்டும் ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடக் குறைவான பலனையே தரும். ஒட்டுவதற்கு முன் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், 'டங்' என்று இழுக்கும். நடுவில் ஓர் அடித் துண்டை ஒட்டி, ரோலரால் நன்றாக அழுத்திவிட்டுத் தட்டுங்கள், 'டப்' என்று அறுந்து நிற்கும். அந்த நிலை வந்துவிட்டால் அந்தத் தகட்டில் வேலை முடிந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் கடைக்காரருக்கு இந்தச் செய்தி இனிக்காது.

கனமான ரப்பர் விரிப்பு என்று நீங்கள் சொல்வது, எடை கூட்டிய வினைல் விரிப்பாக இருக்கலாம். இது ஒலியைத் தடுக்கும் திரை. ஒரு தடுப்பின் எடை இரட்டிப்பானால் அது தடுக்கும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும் என்பது ஒலியியலின் அடிப்படை விதி. கதவின் வெளித்தகடு 0.7 மில்லிமீட்டர் இரும்பு என்று கொண்டால், ஒரு சதுர மீட்டர் சுமார் ஐந்தரை கிலோ இருக்கும். வழக்கமான வினைல் விரிப்பு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ என்பதால் அதற்கு இணையான இன்னொரு சுவரை எழுப்பியதுபோல் ஆகிறது. பியூட்டைலுக்குக் கால்வாசி போதும் என்றேனல்லவா, இதற்கு நேர்மாறான விதி: இடைவெளியே இருக்கக் கூடாது. நூற்றில் ஒரு பங்கு பரப்பு திறந்திருந்தாலும், மீதி 99 பங்கு எவ்வளவு கனமாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. விரிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே மென்மையான, மூடிய அறைகள் கொண்ட ஃபோம் ஒன்றை வைத்தால், தகட்டின் நடுக்கம் விரிப்புக்குத் தொற்றாமல் இருக்கும்.

ஸ்பாஞ்ச், கம்பளி, ஃபெல்ட் போன்றவை உறிஞ்சிகள். இவற்றின் திறன் தடிமனைப் பொறுத்தது. ஒலியின் அலைநீளத்தில் கால் பங்குத் தடிமன் இருந்தால்தான் அந்த ஒலியை நன்றாக உறிஞ்ச முடியும். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சுமார் எட்டரை சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு 85 சென்டிமீட்டர். 10 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சை ஒட்டிவிட்டு உறுமல் குறையும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அது காற்றின் சீறலையும் பிளாஸ்டிக் கிறீச்சொலியையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவே.

மொட்டைமாடி விரிசலுக்கு ஒட்டும் வாட்டர் ப்ரூஃப் டேப்பும் வெள்ளித் தாளுடன்தான் வருகிறது. விலையும் மிகக் குறைவு. அதையே கதவில் ஒட்டினால் என்ன? – வாசகர், தஞ்சாவூர்

அதில் இருவகை உண்டு. பியூட்டைலால் ஆனது ஓரளவு பயன்படும். ஆனால் பலவற்றில் ரப்பர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, தாளும் மெல்லியது. தாரால் ஆனது கூடாது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கறுப்பு நிறத் தகடு 70 டிகிரியைத் தொடக்கூடும்; சாதாரணத் தாரோ அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். செங்குத்தான கதவுத் தகட்டில் அது மெல்ல மெல்ல வழிந்து, கண்ணாடி இறங்கும் தடத்திலும் அடியிலுள்ள நீர்த் துளையிலும் போய்ச் சேரும். வாடை வேறு, ஏ.சி.யைப் போட்டதும் புதிதாகச் சாலை போடும் இடத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

கம்பெனியிலேயே தரைத் தகட்டில் தார் அட்டைகள் ஒட்டியிருக்கிறார்களே என்று கேட்கலாம். அவை படுக்கைவாட்டில் கிடக்கின்றன, பெயிண்ட் உலையின் சூட்டில் தகட்டோடு உருகி இணைந்தவை. ஆகவே இரண்டையும் ஒப்பிட வேண்டாம். வாங்கிய ஷீட் எந்த வகை என்று தெரியாவிட்டால், ஒரு துண்டைப் பழைய தகரத்தில் ஒட்டி, தகரத்தைச் செங்குத்தாக மொட்டைமாடி வெயிலில் நிறுத்தி வையுங்கள். ஓரிரு நாளில் துண்டு கீழிறங்கினாலோ, ஓரத்தில் கறுப்பு நெய் கசிந்தாலோ அது உங்கள் காருக்கு வேண்டாம்.

முன் கதவுகளில் ஆறரை அங்குல ஸ்பீக்கர்களை நல்ல நிறுவனத்துடையதாக மாற்றினேன். குரல் தெளிவாக இருக்கிறது, ஆனால் தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் கேட்கவே இல்லை. ஒலியைக் கூட்டினால் கதவு அதிர்கிறது. ஸ்பீக்கர் மோசமா, கார் மோசமா? – வாசகர், கோயம்புத்தூர்

இரண்டுமில்லை, ஸ்பீக்கருக்கு இன்னும் பெட்டி கிடைக்கவில்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் அதே அளவு காற்றை இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உயர்ந்த சுருதிகளின் அலைநீளம் சிறியது, அவை கூம்பின் முன்பக்கமாக நேரே சென்றுவிடுவதால் குரலும் வயலினும் தப்பிவிடுகின்றன. தாழ்ந்த ஒலிகள் எந்தத் துளை வழியாகவும் சுற்றி வந்துவிடும். உங்கள் கதவின் அட்டையைக் கழற்றினால், உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய துளைகளும், அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளும் இருப்பதைக் காண்பீர்கள். தவிலின் ஒலி அந்தத் துளைகளில்தான் தொலைந்துபோகிறது.

வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். கதவு அட்டையைக் கழற்றும் முன்பே, அந்த மாடலுக்கான கிளிப்புகளை ஒரு கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கிளிப்புகளில் சில உடையாமல் வராது, உடைந்த கிளிப்போடு அட்டையை மாட்டினால் புதிய கிறீச்சொலி தொடங்கும். பிளாஸ்டிக் தாளைத் தாங்கும் கறுப்புப் பசையை முழுவதும் வழித்தெடுக்க வேண்டும். பிறகு துளை வழியே கையை விட்டு, வெளித்தகட்டின் உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கையில் வரும் செம்மண் புழுதியைப் பார்த்தாலே, துடைக்காமல் ஒட்டிய ஷீட் ஏன் கழன்று விழுகிறது என்பது புரியும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒரு முழுத் துண்டும், மீதி நடுப்பகுதியில் இடைவெளி விட்டுச் சில துண்டுகளும் போதும். கண்ணாடியை ஏற்றி இறக்கி, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே அடுத்த கட்டம்.

அடுத்தது உள்தகட்டின் துளைகளை அடைப்பது. உங்கள் குறையைத் தீர்க்கப் போவது இதுதான். பெரிய துளைகளின் மேல் வெறும் ஷீட்டை இழுத்து ஒட்டினால், அது தோல்போல் உப்பி ஒடுங்கிக்கொண்டிருக்கும். அந்த அளவுக்கு வெட்டிய மெல்லிய அலுமினியத் தகட்டையோ ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் தகட்டையோ திருகாணியால் பொருத்தி, ஓரத்தில் மட்டும் பியூட்டைலால் அடைப்பது நல்லது. நாளைக்குப் பவர் விண்டோ மோட்டார் பழுதானால், திருகாணியைக் கழற்றி வேலை பார்க்கலாம்; ஷீட்டால் மூடிய கதவை மெக்கானிக் கத்தியால் கிழித்தபின் மறுபடியும் பணம் செலவழிக்க வேண்டியிருக்காது. ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையில் ஃபோம் வளையமும், ஸ்பீக்கரின் முகத்திற்கும் அட்டையின் சல்லடைக்கும் இடையில் இன்னொரு வளையமும் வைத்தால், ஒலி அட்டைக்குள் சிதறாமல் நேரே உங்களிடம் வரும்.

மூடவே கூடாதவையும் உண்டு. கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடிவிளிம்பிலுள்ள நீர்த் துளைகள் அடைபட்டால், அடுத்த பருவமழைக்குள் கதவுக்குள் தண்ணீர் குலுங்கும் ஓசை கேட்கும், அதன்பின் துரு. சில கார்களில், பக்கவாட்டில் மோதல் நிகழ்வதைக் கண்டறியும் அழுத்த உணரி கதவுக்குள்ளேயே இருக்கிறது. கதவுக்குள் எழும் திடீர்க் காற்றழுத்தத்தைக் கொண்டு அது ஏர்பேக்கைத் திறக்கச் சொல்கிறது. பக்க ஏர்பேக் உள்ள கார் என்றால், அந்த உணரி எங்கே உள்ளது, கதவை அடைப்பது அதைப் பாதிக்குமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்காமல் கதவில் கை வைக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும், 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியைப் போட்டு, கதவு அட்டையை அங்கங்கே கையால் அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தும்போது கிறீச்சொலி நிற்கிறதோ அங்கே உட்புறம் ஒரு துண்டு மெல்லிய ஃபோமை வையுங்கள். ஸ்டீரியோவில் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்; கதவு ஸ்பீக்கரால் தாங்க முடியாத அடித்தள ஒலிகளை அது விலக்கிவிடும். டிக்கியில் சப்வூஃபரும் உண்டென்றால், அதிர்வில் முதல் குற்றவாளி பெரும்பாலும் நம்பர் பிளேட்தான். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்புப் பலகையைக் கழற்ற முடியாது என்பதால், அதன் ஓரங்களின் பின்னால் மெல்லிய ஃபோம் பட்டையைச் செருகுவது ஒன்றே வழி.

எங்கள் ஊரில் ரப்பர் பூசிய தென்னை நார் மெத்தை மலிவாகக் கிடைக்கிறது. அதைத் தரை விரிப்புக்கு அடியில் போடலாமா? முட்டை அட்டை, தெர்மகோல் ஆகியவையும் ஒலியைத் தடுக்கும் என்கிறார்களே? – வாசகர், பொள்ளாச்சி

தென்னை நாரைக் கேலி செய்ய முடியாது. ரப்பர் பூசிய நாரைக் கார் இருக்கைகளுக்குள் நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது நல்ல உறிஞ்சியும்கூட. தரைக்கு அது ஒவ்வாததற்குக் காரணம் ஈரம். ஏ.சி. குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே சொட்டினாலோ, மழைக்காலத்தில் நனைந்த காலோடு ஏறினாலோ, நார் ஈரத்தைத் தேக்கி வைத்துப் பூஞ்சை வாடையையும் தரைத் துருவையும் கொண்டுவரும். தீயும் ஒரு கவலை. காருக்குள் பயன்படும் பொருள், கிடைமட்டமாக எரியவிட்டால் நிமிடத்திற்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது என்பது அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302 என்ற விதி. ஷீட் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தைக் கடையில் அது இருக்காது.

முட்டை அட்டைக்கும் தெர்மகோலுக்கும் ஒலியைத் தடுக்கும் எடை இல்லை. தெர்மகோல் கூடுதலாகக் கீச்சிடவும் செய்யும்.

முழுக் காருக்கும் ஒட்டிய பிறகு கைப்பேசிச் செயலியில் அளந்தேன். 100 கி.மீ. வேகத்தில் இரண்டே டெசிபல்தான் குறைந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டேனா? – வாசகர், தூத்துக்குடி

அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலான செயலிகள் 'ஏ' எடையிடல் என்ற முறையில் அளக்கின்றன. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகக் கேட்கிறது என்பதை ஈடுசெய்ய, இம்முறை 100 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 19 டெசிபலையும், 50 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 30 டெசிபலையும் கழித்துவிட்டே காட்டுகிறது. தகடுகளின் உறுமல் குறைந்திருந்தாலும் அது எண்ணில் ஏறாது, 100 கி.மீ. வேகத்தில் எண்ணைத் தீர்மானிப்பவை கண்ணாடி வழியாக வரும் காற்றொலியும் டயரின் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியும்தான். தாழ்ந்த ஒலிகளை அந்த அளவுக்குக் கழிக்காத 'சி' எடையிடல் செயலியில் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ஒட்டும் முன்பு அதே முறையில் அளந்த எண் இல்லாததால், இதே மாடல் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வண்டியில், அதே சாலையில், அதே வேகத்தில், ஏ.சி. விசிறியை ஒரே நிலையில் வைத்து அளந்து ஒப்பிடலாம்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். முன்பு நெடுஞ்சாலையில் பாட்டின் சொற்கள் புரிவதற்கு ஒலியளவை எந்த எண்ணில் வைத்திருந்தீர்கள், இப்போது எதில் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். இரைச்சல் 3 டெசிபல் குறைந்தால், அதே தெளிவுக்கு ஆம்ப்ளிஃபையர் தரவேண்டிய சக்தி பாதியாகிவிடும். ஆயினும், முழுக் காருக்கும் ஒட்டியது அளவுக்கு மீறியது என்றே நான் கருதுகிறேன்.

ஈக்கோ வண்டியைப் பள்ளிக் குழந்தைகளுக்காக ஓட்டுகிறேன். எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால் சத்தமும் சூடும் தாங்க முடியவில்லை. எந்த ஷீட் ஒட்டுவது? – வாசகர், வேலூர்

உங்கள் வண்டியில் ஷீட்டைவிட முக்கியமானது இருக்கைக்கு அடியில் எஞ்சினை மூடும் மூடியின் விளிம்பு. முன்பு சொன்ன நூற்றில் ஒரு பங்கு கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை நசுங்கியிருந்தாலோ, ஒரு கொக்கி தளர்ந்திருந்தாலோ, மூடியின் மேல் எதை ஒட்டினாலும் சத்தம் அந்த இடுக்கு வழியாகவே வரும். எஞ்சின் வாடையும் கூடவே வரும். இரவில் மூடிக்கு அடியில் டார்ச்சை எரியவிட்டு, மேலிருந்து பார்த்தால் இடுக்குகள் வெளிச்சமாகத் தெரியும். ரப்பரைப் புதிதாக மாற்றி, கொக்கிகளை இறுக்கி, வயர்கள் உள்ளே நுழையும் துளைகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான குரோமெட்டுகளையும் சரிபார்த்த பிறகு, மூடியின் பயணிகள் பக்கத்தில் பியூட்டைலும் அதன் மேல் கனமான வினைல் விரிப்பும் போடலாம்.

எஞ்சின் இருக்கும் பக்கத்தில் எந்த ஸ்பாஞ்சையும் ஒட்டாதீர்கள். எண்ணெய்ப் புகை படிந்த ஸ்பாஞ்ச் தீக்கு வழி. அந்தப் பக்கத்திற்கு வெப்பம் தாங்கும் கண்ணாடி இழை விரிப்புதான் சரி. அதுவும் எக்ஸாஸ்ட் குழாயைத் தொடாமல் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும். சி.என்.ஜி. வண்டியாக இருந்தால், சிலிண்டரைச் சுற்றியுள்ள காற்றோட்ட வழிகளையும் குழாய் இணைப்புகளையும் எதனாலும் மறைக்கக் கூடாது. கசியும் வாயு வெளியேறுவதற்காக விடப்பட்ட வழி அது. குழந்தைகள் ஏறும் வண்டியில் இதற்கு விலக்கே கிடையாது.

மழை பெய்தால் கூரையில் தகரக் கொட்டகைபோல் சத்தம் கேட்கிறது. கூரைக்கும் ஒட்டலாமா? – வாசகர், நாகர்கோவில்

தாராளமாக ஒட்டலாம், செலவுக்கு ஏற்ற பலன் உடனே தெரியும் இடம் கூரை. குறுக்குச் சட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு தகட்டுப் பரப்பிலும் மூன்றில் ஒரு பங்கு பியூட்டைல் போதும், அதன் மேல் மெல்லிய ஃபோம் ஒட்டினால் வெயிலின் சூடும் குறையும். கூரையில் எடையைக் குவிக்க வேண்டாம், தார் ஷீட்டை நினைக்கவே வேண்டாம். உட்கூரையை இறக்கும்போது அது மடிந்தால் அந்தக் கோடு மறையாது. இருவர் பிடித்து இறக்க வேண்டும். கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில், கதவுகளுக்கு மேலுள்ள ஓரம் முழுவதும் அதன் இடம். அங்கே ஷீட்டோ, ஃபோமோ, புதிய வயரோ வைக்கக் கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். எஞ்சின் சத்தமே இல்லாததால் டயர் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. ஷீட் ஒட்டினால் எடை கூடி, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையுமா? – வாசகர், சென்னை

நான்கு கதவுகளிலும் டிக்கியிலும் அளவாக ஒட்டினால் 10 முதல் 15 கிலோ வரை கூடும். ஓடும் தூரத்தில் அது தெரியாது, டயரில் காற்று குறைந்தால் அதைவிட அதிகம் தெரியும். தரையைத் தொடுவதற்கு மட்டும் யோசியுங்கள். பேட்டரி அடியில் இருப்பதால் தரைத் தகட்டில் துளை போடுவதோ திருகாணி முறுக்குவதோ கூடாது. உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர் தெரியும் இடத்தில் வெளிக்கடை ஆள் கை வைக்கவும் கூடாது. இருக்கைகளுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பான்கள் இருந்தால் அவை பெரும்பாலும் ஏர்பேக்கையும் சீட் பெல்ட்டையும் சேர்ந்தவை. இருக்கையைக் கழற்றுவதாக இருந்தால் அதை சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விலை கேட்பதற்கு முன், உள் அட்டைகளைக் கழற்றினால் எந்தெந்த உத்தரவாதம் போகும் என்பதை ஷோரூமிலிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி டயர் தேய்ந்து மாற்றும்போது, பக்கவாட்டில் இரைச்சல் குறைந்த வகை என்று குறிப்பிட்ட டயரைக் கேட்டு வாங்குவதும் உங்கள் காருக்கு நல்ல வழி.